தன்னியல்பு உரையாடல், தொடக்கநிலை அயல்மொழி வகுப்பில்

அயல்மொழி வகுப்பில் மனப்பாட வசனங்களை ஒப்பிக்காமல், தெரிந்த சில சொற்களைக் கொண்டே மாணவர் தம் கருத்தைச் சொல்ல முயலும் பேச்சு. இலக்கணம் முழுதும் கற்பித்த பிறகே பேச்சு என்ற பழைய வரிசையைக் கனடாவின் பிரெஞ்சு மூழ்கல் கல்வி ஐயத்துக்கு உள்ளாக்கியது. 1965இல் மான்ட்ரியலை அடுத்த செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய இம்முறையில், ஆங்கிலம் பேசும் குழந்தைகள் பாடங்களையே பிரெஞ்சில் படித்தனர். ஆண்டுகள் கடந்தபின் அவர்களது கேட்டறியும் திறன் மிக உயர்ந்திருந்தது. பேச்சிலோ இலக்கணப் பிழைகள் நீடித்தன. கேட்பது மட்டும் போதாது, பேச முயலும்போதுதான் தமக்கு எது தெரியவில்லை என்பதை மாணவர் உணர்கிறார் என ஆய்வாளர் மெரில் சுவெய்ன் இதை வைத்து 1985 முதல் வாதிட்டு வந்தார்.

தொடக்கநிலையிலேயே பேசச் செய்வதற்கு இரண்டு மறுப்புகள் உண்டு. தொடக்கத்திலேயே பேச வற்புறுத்தினால் பதற்றம் கூடும் என்பது மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் தரப்பு. இது வற்புறுத்தலுக்குத்தான் பொருந்தும். இருவராக அமர்ந்து, ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவர் கேட்டறியும் பயிற்சியில் பார்வையாளர் இல்லை. "மெதுவாகச் சொல்லுங்கள்", "இதை எப்படிச் சொல்வது?" போன்ற தொடர்களை முதல் வாரமே கற்பித்தால், தடுமாறுபவரும் பேச்சைத் தொடரலாம். பிழைகள் நிலைத்துவிடும் என்பது அடுத்த மறுப்பு. பிரெஞ்சு மூழ்கல் வகுப்புகளை ஆராய்ந்த லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் வேறொன்றைக் கண்டனர்: ஆசிரியர் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிக் கடப்பதைவிட, மாணவரையே திருத்தத் தூண்டும்போது அவர்கள் தம் பிழையைத் திருத்துவது அதிகமாக இருந்தது. ஆக, மாற வேண்டியது திருத்தும் முறைதான். பேச்சைத் தள்ளிப்போடுவது தீர்வாகாது. வாரத்துக்குச் சில மணி நேரமே கிடைக்கும் வகுப்பில் மூழ்கல் கல்வியின் பலனை அப்படியே எதிர்பார்க்க இயலாது. ஆனால் நிறையக் கேட்ட மூழ்கல் மாணவருக்கே கேட்பது மட்டும் போதவில்லை என்பதால், அந்தக் குறைந்த நேரத்திலும் ஒரு பங்கை மாணவர் பேச்சுக்கு ஒதுக்க வேண்டும்.