முகமும் பேரும்: மனநோயை இனங்காண்பதன் வரலாறு

சங்க அகப்பாடல்களை வகுப்பில் நடத்தும் நமக்கு வெறியாட்டு நன்கு பழகிய துறை. தலைவியின் உடல் மெலிகிறது, பசலை படர்கிறது, உணவிலும் உறக்கத்திலும் நாட்டமில்லை. கவலையுற்ற தாய் கட்டுவிச்சியை அழைக்கிறாள். முறத்தில் நெல்லைப் பரப்பியோ, வேலன் கழங்கிட்டுப் பார்த்தோ, முருகன் அணங்கினான் என்று முடிவு சொல்லப்படுகிறது. களம் இழைத்து, மறியறுத்து, வெறியாட ஏற்பாடாகிறது. உண்மைக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். அவள் அறத்தொடு நின்று அதை வெளிப்படுத்தும் வரை தவறான நோய்க்கணிப்பே அவ்வீட்டை ஆள்கிறது.

இதைக் களவொழுக்கத்தின் சுவையான திருப்பம் என்றே மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறோம். வேறொரு வகையிலும் இதைப் படிக்கலாம். ஒருவரது உள்ளத்தின் மாற்றத்துக்குப் பெயர் சூட்டும் உரிமை யாருக்கு, எந்தச் சான்றின் பேரில் என்னும் வழக்கு அங்கே தொடங்கிவிட்டது. தாய் பேசுகிறாள், வேலன் பேசுகிறான். நோயுற்றவளின் சொல்லுக்கு அங்கே இடமில்லை. அவளுடைய கதையை அறிந்து சொல்பவள் உடனிருந்த தோழி ஒருத்திதான்.

அவ்வழக்கின் பின்வரலாற்றை நாடிச் செல்ல நம்மைத் தூண்டியது முகப்பேர் ஏரித் திட்டப் பகுதியில் உள்ள ஒரு கட்டடம். மனநோயுற்றுத் தெருவில் விடப்பட்ட பெண்களுக்காக 'தி பான்யன்' அமைப்பு நடத்திவரும் 'அடைக்கலம்' அது. வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்னும் இரு இளம்பெண்கள் 1993-இல் அவ்வமைப்பைத் தொடங்கினர். தெருவில் ஆதரவற்று நின்ற ஒரு பெண்ணுக்கு இடம் தேடி அலைந்ததில் பிறந்த முயற்சி அது. அத்தகைய ஒருத்தியை அழைத்து வந்தால் மருத்துவர் முதலில் எதைக் கேட்பார்? பெயர், ஊர், வயது, எப்போதிலிருந்து இப்படி என்பவற்றையே. அவற்றுக்கு விடை சொல்ல அருகில் எவருமில்லை.

இவ்விடத்தில்தான் மனநோய்க் கணிப்பின் இயல்பு விளங்குகிறது. மனச்சிதைவு நோயை உறுதிசெய்ய இன்றளவும் இரத்தச் சோதனை இல்லை; நிழற்படமும் இல்லை. தைராய்டுக் குறைபாடு, மூளைக்காய்ச்சல், தலைக்காயம், மதுப்பழக்கம் ஆகியவற்றால் வரும் மாற்றமா என்று விலக்கிப் பார்ப்பதற்கே அச்சோதனைகள் பயன்படுகின்றன. எஞ்சியது உரையாடலும் உற்றுநோக்கலும். தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ண ஓட்டம், புலனுணர்வு, நினைவாற்றல், தம் நோயைத் தாமே உணரும் தன்மை என மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். அன்றைய ஒரு நாளின் தோற்றம் மட்டும் போதாது. நோய் எப்படித் தொடங்கி எவ்வழி வளர்ந்தது என்ற காலக்கணக்கும் வேண்டும். அதைப் பெரும்பாலும் உறவினரே சொல்ல வேண்டியிருக்கிறது. சுருங்கச் சொன்னால், மனநோய்க் கணிப்பு என்பது ஒரு வாழ்க்கைக் கதையைக் கேட்டு வகைப்படுத்துவது. கதை தொலைந்தவரிடம் அது தடுமாறுகிறது.

சென்னையின் பழைய நிறுவனங்கள் இத்தடுமாற்றத்தை உணர்ந்ததாகத் தெரியவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் அறுவை மருத்துவர் வாலன்டைன் கொனொலி 1794-இல் புரசைவாக்கத்தில் ஒரு காப்பிடம் தொடங்கினார். 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அரசுப் பைத்தியக்காரர் விடுதி 145 பேருடன் திறக்கப்பட்டது. 1922-இல் அது மனநோய் மருத்துவமனை எனப் பெயர் மாறியது. 1978-இல் மனநலக் கழகமாயிற்று. பலகையில் பெயர் திருந்திக்கொண்டே வர, 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரே சென்னைப் பேச்சில் வசைச்சொல்லாகியது நாம் அறிந்ததே.

அக்கால நோய்க்கணிப்பின் பின்னால் நின்றது சட்டத்தின் கண். 1912-ஆம் ஆண்டின் இந்தியப் பித்தர் சட்டப்படி, தெருவில் திரியும் ஒருவரைப் பித்தர் எனக் கருதினால் காவலர் கைது செய்து நீதிபதி முன் நிறுத்தலாம். இவர் ஊறு விளைவிப்பவரா, அடைத்து வைக்கத் தக்கவரா என்பவையே அங்கு முதன்மைக் கேள்விகள். என்ன துயர் என்பது பின்னரே. 1987-இல் இயற்றப்பட்ட மனநலச் சட்டம் 1993-இல் நடைமுறைக்கு வரும் வரை அப்பழைய சட்டமே நாட்டை ஆண்டது.

மருத்துவத்தின் கண் வேறு திசையில் வளர்ந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருமனியின் எமில் கிரெப்பலின், ஒரு நாளின் தோற்றத்தைக் கொண்டன்றி, நோய் செல்லும் நெடுவழியைக் கொண்டு அதை வகைப்படுத்த முயன்றார். தாம் விளக்கிய ஒரு நோய் சீரழிவிலேயே முடியும் என்று அவர் கருதினார். அதற்கு 1908-இல் ஸ்கிட்சோஃப்ரினியா எனப் பெயரிட்டவர் சுவிட்சர்லாந்தின் ஓய்கன் பிளாய்லர். உலக நோய் வகைப்பாட்டின் 1948-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே மனநோய்களுக்குத் தனிப் பகுதி கிடைத்தது. 1980-இல் வெளிவந்த அமெரிக்கக் கையேடு, இத்தனை அறிகுறிகள், இத்தனை காலம் என்று அளவுகளை வரையறுத்தது.

தமிழில் நாம் ஸ்கிட்சோஃப்ரினியாவை மனச்சிதைவு என்கிறோம். சிதைவு என்ற சொல்லில் மீட்சிக்கு இடமில்லை. இடிந்த கோயிலுக்கும் அழிந்த சுவடிக்கும் நாம் வழங்கும் சொல் அது. ஆனால் சென்னை தந்த சான்று வேறு. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை நெடுங்காலம் நடத்திய மருத்துவர் சாரதா மேனன் 1984-இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தை உருவாக்கினார். முகப்பேரை ஒட்டிய அண்ணாநகர் மேற்கு விரிவில் அது இயங்குகிறது. அதன் ஆய்வாளர் ஆர். தாராவும் உடன்பணியாற்றியோரும், முதன்முறையாக நோய் கண்ட 90 பேரை 1980-களின் தொடக்கத்திலிருந்து பல்லாண்டுகள் பின்தொடர்ந்தனர். பத்தாண்டு முடிவில், தொடர்ந்து பார்க்க முடிந்தவருள் பெரும்பாலோர் அறிகுறிகள் தணிந்த நிலையில் இருந்தனர். சப்பான் தன் பழைய 'மனப்பிளவு நோய்' என்னும் பெயரை 2002-இல் கைவிட்டு, ஒருங்கிணைப்புக் குலைவு என்ற பொருள் தரும் பெயரை ஏற்றுக்கொண்டது. தமிழ்த்துறையினராகிய நாம் இப்பொறுப்பை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிடலாகாது.

அது நிற்க. பெயரே கேளாத இடங்களும் நம்மிடையே இருந்தன. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவைச் சூழ்ந்திருந்த காப்பகங்களுள் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப இயலவில்லை. 28 பேர் மாண்டனர். இதைக் கொண்டு வழிபாட்டிடங்கள் அனைத்தையும் பழிப்பதும் முறையாகாது. தமிழகத்தின் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை இரகுராமும் பிறரும் ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். சராசரியாக ஆறு வாரத் தங்கலுக்குப் பின் அவர்களது நோய்க்குறிகள் ஓரளவு குறைந்திருந்தன.  அங்கே பரிவான சூழல் இருந்தது. ஆயினும் மருந்தால் தணியக்கூடிய நோய் எது, பரிவே போதுமான துயர் எது என்று பிரித்தறிய நோய்க்கணிப்பு வேண்டும். இல்லையேல் ஒருவருக்கு உரிய மருந்து கிட்டாமல் போகும். மற்றொருவர் காரணமின்றிப் பிணிக்கப்படுவார்.

மிகைப்பெயரிடலும் இதற்கு இணையான கேடே. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1973 வரை நோயாகவே பட்டியலிட்டிருந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 1990-இல்தான் நீக்கியது. அத்தகையோரை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் தடை விதித்தது. காதலைக் குற்றமென்று கண்டு நோயெனப் பெயரிடும் வேலனின் மரபு எளிதில் மறைவதில்லை.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இருபுறத் தவற்றையும் எண்ணிப் பார்த்திருக்கிறது. ஏற்கப்பட்ட மருத்துவ அளவைகளின்படியே மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. சாதி, மதம், பொருள்நிலை, அரசியல் முதலியன அதற்கு அடிப்படையாகா. சமூகத்தின் ஒழுக்க நெறிகளுக்கு ஒத்துப்போகாமையும் அடிப்படையாகாது. தெருவில் திரிவோரைப் பற்றிய நூறாம் பிரிவு, 1912-இன் கைதை நீக்கிப் பாதுகாப்பு என்ற சொல்லை வைக்கிறது. சிறையிலோ காவல்நிலையக் கொட்டடியிலோ அடைக்கலாகாது. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்கு மதிப்பீட்டிற்காகக் கொண்டு செல்ல வேண்டும். காணாமற்போனவர் என முதல் தகவல் அறிக்கை பதிந்து, அவர் குடும்பத்தைத் தேடுவதும் காவல் அலுவலரின் கடமை. ஆளைப் பிடிப்பதிலிருந்து கதையைத் தேடுவதற்குச் சட்டம் வந்து சேர ஒரு நூற்றாண்டாயிற்று.

மகப்பேறு என்பதே முகப்பேர் எனத் திரிந்தது என்பர் ஊரார். நமக்கோ அவ்வூர்ப்பெயரில் முகமும் பேருமே கேட்கின்றன. மருந்து தொடங்கி, அச்சம் தணிந்து, ஒரு நாள் தன் பெயரையும் ஊரையும் ஒரு பெண் சொல்லும்போது, மருத்துவர் குறித்த முதற்கணிப்பும் திருத்தம் பெறலாம். ஆகவே நோய்க்கணிப்பை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாமல், கேட்டுக் கேட்டுத் திருத்திக்கொள்ளும் ஓர் ஏடாகக் கொள்வதே தகும். நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியோருடன் அருகிருந்து பார்ப்பவரையும் சேர்த்தே மருத்துவத்தை நான்காகப் பகுத்தார் வள்ளுவர். சங்கத் தலைவிக்கு அந்நான்காமவளாகத் தோழி இருந்தாள். பேருந்து நிறுத்தத்தில் தனக்குத்தானே பேசியபடி நிற்கும் பெண்ணை 'பைத்தியம்' என்ற ஒற்றைச் சொல்லால் கணித்துவிட்டு விலகி நடக்கும் நாம், வேலனின் பக்கமே நிற்கிறோம். அவள் பெயர் என்ன என்று ஒருவர் நின்று கேட்பதிலிருந்தே அவளுக்கான மருத்துவம் தொடங்குகிறது.