ஒமாஹாவின் வண்டிகளில் ஏறிய பறவை

உள்ளான் குடும்பத்தில் கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகுள்ள பறவைகளுக்குக் கர்லூ என்று பெயர். அவற்றில் பெரிய இனம் ஒன்று குளிர்காலத்தில் கோடியக்கரைச் சேற்றில் நண்டு தேடுவதை நம்மூர்ப் பறவை ஆர்வலர்கள் பார்த்திருப்பார்கள். வட அமெரிக்காவில் அதைவிட மிகச் சிறிய, ஓரடி நீளமே உள்ள எஸ்கிமோ கர்லூ வாழ்ந்தது. 1833இல் லாப்ரடோர் கடற்கரைக்குப் போன பறவை ஓவியர் ஆடுபான், அதன் கூட்டங்களைப் பார்த்ததும் வானை மறைத்துப் பறந்த பயணிப் புறாக்களை நினைத்துக்கொண்டார். ஐயத்துக்கு இடமில்லாமல் கடைசியாகக் கிடைத்த சான்று, 1963இல் பார்படோஸ் தீவில் சுடப்பட்ட ஒரே ஒரு பறவை. இடையில் நடந்ததற்கு வேட்டை வணிகம்தான் காரணம் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். புல்வெளிகளை உழுததும் வெட்டுக்கிளி அழிந்ததும்தான் மெய்க்காரணம் என்ற வாதம் பிறகு வந்தது. இரண்டும் உண்மைதான். ஆனால் எது முந்தியது என்று பார்த்தால், முதல் குற்றவாளி வணிகமே.

இந்தப் பறவையின் ஓராண்டு வாழ்வைத் தெரிந்துகொண்டால் வணிகத்துக்கு அது எவ்வளவு எளிதாக அகப்பட்டது என்பது விளங்கும். கனடாவின் வடமேற்கே, மரமில்லாத துருவச் சமவெளியில், வெறுந்தரையில் நான்கு முட்டை இடும். கோடை முடிந்ததும் கிழக்கே லாப்ரடோருக்குப் போய், அங்கே தரையோடு படர்ந்த செடிகளின் கரும்பழங்களைத் தின்று கொழுக்கும். பிறகு அட்லாண்டிக் பெருங்கடலின் மேலாகத் தென் அமெரிக்காவுக்குப் பறக்கும். தங்குமிடம் அர்ஜென்டினாவின் புல்வெளி. வசந்தத்தில் திரும்பும் வழி வேறு: டெக்சாஸ் கரையேறி, கன்சாஸ், நெப்ராஸ்கா புல்வெளிகள் வழியாக வடக்கே. நியூ இங்கிலாந்து வேட்டைக்காரர்கள் இதை மாவுப் பறவை என்றார்கள். சுடப்பட்டுத் தரையில் விழும்போது மார்புத் தோல் பிளந்து, பிசைந்த மாவு போன்ற கொழுப்பு வெளியே தெரியுமாம். கூட்டமாக நெருங்கிப் பறக்கும் பழக்கமும் அதற்கு எமனாயிற்று. அடிபட்ட துணையைச் சுற்றி மற்றவை திரும்பி வந்தன, வந்தவையும் விழுந்தன.

பயணிப் புறா குறையக் குறைய, சந்தை வேட்டைக்காரர்களுக்கு வேறு சரக்கு தேவைப்பட்டது. புல்வெளியின் குறுக்கே ரயில் பாதை வந்துவிட்டதால், நெப்ராஸ்காவில் சுட்டதைக் கிழக்கு நகரங்களில் விற்க முடிந்தது. நெப்ராஸ்காவின் ஆய்வாளர் மைரான் ஸ்வென்க் 1915இல் இந்தப் பறவையின் அழிவைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் முதன்மையான ஆவணம். ஒமாஹா நகரிலிருந்து கிளம்பிய வேட்டைக்காரர்கள் வண்டியின் பக்கப் பலகைகளை உயர்த்திக் கட்டி, விளிம்பு வரை பறவைகளை நிரப்பியதை அதில் பதிவு செய்திருக்கிறார். நிறைந்த வண்டியைத் தரையில் கவிழ்த்து, அந்தக் குவியலை அழுக விட்டுவிட்டு மறுபடி நிரப்பப் போனவர்களும் உண்டு. இதைப் படிக்கும்போது மனம் கொதிக்கிறது. ஆனாலும் அந்தக் கொதிப்பை விட முக்கியமானது ஒன்றுண்டு. இந்தக் கொலை வசந்தத்தில், முட்டையிடப் போகும் வழியில் நடந்தது. கர்லூ இனங்கள் நெடுநாள் வாழ்பவை, குறைவாகப் பெருகுபவை. ஓராண்டுக் குஞ்சுகள் முழுதும் பிழைக்காமல் போனாலும் முதிர்ந்த பறவைகள் மறு ஆண்டு முயலும். முதிர்ந்தவையே ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் போனால் ஈடுகட்ட வழியே கிடையாது.

இதை மறுப்பவர்களின் கேள்வி வலுவானது. அமெரிக்கப் பொன்னிற உப்புக்கொத்தியும் ஏறத்தாழ இதே வழியில்தான் வலசை போகிறது. அதையும் இதே துப்பாக்கிகள் சுட்டன. 1821இல் நியூ ஆர்லியன்ஸ் அருகே ஒரே நாளில் 48,000 உப்புக்கொத்திகள் விழுந்திருக்கும் என்று ஆடுபான் கணக்கிட்டார். வேட்டைக்குத் தடை வந்தபின் அந்த இனம் மீண்டது, கர்லூ மட்டும் ஏன் மீளவில்லை? இங்கேதான் ஏரும் வெட்டுக்கிளியும் வருகின்றன. வசந்தத்தில் கர்லூவின் முக்கிய உணவு, மண்ணுக்குள் கிடந்த ராக்கி மலை வெட்டுக்கிளியின் முட்டைகளும் குஞ்சுகளும். 1870களில் பயிரைச் சூறையாடிய அந்த வெட்டுக்கிளி கடைசியாக உயிரோடு பிடிபட்டது 1902இல். உணவு போனதுதான் மீட்சியைத் தடுத்தது என்பதை ஏற்கிறேன். அதுவே முதல் காரணம் என்பதை ஏற்க முடியவில்லை. வெட்டுக்கிளி எக்காலத்திலும் சில ஆண்டு பெருகி, சில ஆண்டு காணாமல் போகும் பூச்சி. அத்தகைய பஞ்சங்களைக் கடந்துதான் கர்லூ அவ்வளவு பெருகியிருந்தது. உழவும் தொடக்கத்தில் அதை விரட்டவில்லை. புதிதாக உழுத வயல்களில் இறங்கி அது இரை பொறுக்கியதை ஸ்வென்க்கின் கட்டுரையே சொல்கிறது. உப்புக்கொத்தி துருவத்தில் அலாஸ்காவிலிருந்து கிழக்கே பாஃபின் தீவு வரை பரந்து கூடு கட்டுகிறது. கர்லூவின் கூடுகள் உறுதியாக அறியப்பட்டது சிறிய நிலப்பரப்பில்தான். ஒரே அளவு அடி விழுந்தாலும் எழுந்து நிற்கும் வலு இரண்டுக்கும் ஒன்றல்ல. 1916இல் அமெரிக்காவும், கனடாவுக்காகப் பிரிட்டனும் வலசைப் பறவை ஒப்பந்தம் செய்து, 1918இல் சட்டமும் வந்தபோது, காப்பாற்ற எஞ்சியிருந்தவை மிகச் சில.

வேட்டையைத் தடுத்தால் போதும் என்று இதிலிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டியதில்லை. கோடியக்கரைக்கு வரும் அதே பெரிய கர்லூ இனம் அயர்லாந்தில் படும் பாடு வேறு வகை. 1980களில் அங்கே ஆயிரக்கணக்கான இணைகள் கூடு கட்டின. 2015 முதல் 2017 வரை எடுத்த கணக்கில் 138 இணைகளே தென்பட்டன. சுடுவதற்கு 2012இலேயே தடை வந்துவிட்டது. அங்கே சாவு குஞ்சுப் பருவத்தில் நிகழ்கிறது: கரிச்சதுப்பு நிலம் எரிபொருளுக்காக வெட்டப்படுகிறது, மிச்ச நிலத்தில் காட்டுத் தோட்டம் போடுகிறார்கள், தீவனப் புல்லைக் குஞ்சு பறக்கும் முன்பே அறுக்கிறார்கள், தப்பியதை நரியும் காகமும் கொண்டுபோகின்றன. ஓர் இணை சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு குஞ்சைப் பறக்கும் பருவம் வரை கொண்டுவந்தால்தான் எண்ணிக்கை நிலைக்கும், அதுவும் நடப்பதில்லை. முதிர்ந்த பறவைகள் பல ஆண்டுகள் கூவிக்கொண்டே இருப்பதால் இந்த இழப்பு ஊர்க்காரர் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. ஒமாஹாவின் வண்டியை எவராலும் பார்க்க முடிந்தது, தடுக்கவும் முடிந்திருக்கும். அயர்லாந்தில் 2017இல் தொடங்கிய திட்டத்தில், கூடுகளைத் தேடிக் கண்டுபிடித்துக் காவல் காக்கிறார்கள். கர்லூ வளரும் வயல்களின் உழவர்களுக்கு அரசு பணம் கொடுக்கிறது.