மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுது?



ஜவ்வாது மலையிலே ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றிலே மரம் சாய்ந்து லைன் அறுந்தது. கம்பியை இழுத்துக் கட்டினார்கள். மறுநாள் மோட்டார் ஓடுது, ஆனா தண்ணி வேகமா வரலை. காயில் போச்சு என்று மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால் யோசியுங்கள்: அது எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறதோ என்னவோ!

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1885-இல் இத்தாலியின் பெராரிஸ், மின்சாரத்தாலேயே காந்தப்புலத்தைச் சுழல வைத்துக் காட்டினார். 1888-இல் அமெரிக்காவில் டெஸ்லா தம் மோட்டாருக்குக் காப்புரிமை பெற்றார். 1889-இல் ஜெர்மனியில் வேலை பார்த்த டோப்ரோவோல்ஸ்கி மும்முனை மோட்டாரைச் செய்தார். 1891-இல் லாபனிலிருந்து பிராங்பர்ட்டுக்கு 175 கிலோமீட்டர் தூரம் மும்முனை மின்சாரம் போயிற்று.

மும்முனை என்றால் என்ன? மூன்று பேர் சுற்றி நின்று, ஒருவர் பின் ஒருவராக ஒரு சக்கரத்தைத் தள்ளுவது போல. சிவப்பு, மஞ்சள், நீலம் என்பது வரிசை. இருவர் இடம் மாறி நின்றால் சக்கரம் திரும்பிச் சுற்றும். மூன்று கம்பியில் இரண்டு இடம் மாறினாலும் அதே கதைதான்.

நம் பக்கம் பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்தது. மேட்டூர் மின்சாரம் 1937-இல். அதே 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் கோவையிலே மோட்டார் செய்தார்கள். 1957-இல் மின்சார வாரியம் அமைந்தது. கவலை இழுத்த மாடுகளுக்கு ஓய்வு கிடைத்தது.

அந்தக் காலத்து பம்பு கிணற்று மேட்டில் இருந்தது. அதன் மேல் அம்புக்குறி இருக்கும்; சுற்றும் பக்கத்தைக் கண்ணாலே பார்க்கலாம். இன்று போருக்குள்ளே இறங்கிவிட்ட நீர்மூழ்கி மோட்டாரைப் பார்க்க முடியுமா? எதிர்ப்பக்கம் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் தரும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். அப்படியே நாள்கணக்கில் ஓட்டினால் பேரிங் கெடலாம்.

டெஸ்டர் இதைச் சொல்லாது. மூன்று கம்பியிலும் விளக்கு எரியும். மின்சாரம் இருக்கிறது என்று மட்டுமே தெரியும், வரிசை தெரியாது. வரிசைக்கென்றே ஒரு கருவி உண்டு. மெயினை அணைத்துவிட்டு அதன் மூன்று கிளிப்பையும் மாட்டி, விலகி நின்று மெயினைப் போட்டால், உள்ளே ஒரு சிறு தட்டு சுற்றும். அம்புப் பக்கம் சுற்றினால் வரிசை சரி. மறுபடி அணைத்துவிட்டுத்தான் கிளிப்பைக் கழற்ற வேண்டும். இரண்டு முனைக்கு நடுவே 415 வோல்ட். ஈரக் காலோடு நிற்கிற இடம். ஆகையால் இது லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வேலை.

கருவி இல்லையா? எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டரிலிருந்து மோட்டாருக்குப் போகிற இரண்டு கம்பியை மாற்றட்டும். இரண்டு விதமாகவும் சற்று நேரம் ஓட்டிப் பாருங்கள். எதில் தண்ணீர் அதிகமோ அதுவே சரியான பக்கம். கம்பிகளுக்கு அடையாளம் போட்டு வையுங்கள்.

இன்னொன்று. டிரான்ஸ்பார்மரில் வரிசை மாறியிருந்தால் அக்கம்பக்கத்து மோட்டார்கள் எல்லாமே திரும்பிச் சுற்றும். ஆளுக்கு ஆள் தம் கம்பியை மாற்றிக்கொண்டால், நாளை லைனைச் சரிசெய்யும்போது எல்லாம் மறுபடி தலைகீழாகும். முதலில் பக்கத்துக் கிணற்றில் விசாரியுங்கள்; அங்கேயும் அப்படியென்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லுங்கள். லைன் வேலை நடந்த மறுநாள், பாத்தியில் விழுகிற தண்ணீரை ஒரு பார்வை பாருங்கள்.