பால்டிமோர் சதி (1861)

அமெரிக்காவின் குடியரசுத் தலைவராகத் தேர்வு பெற்ற ஆபிரகாம் லிங்கனை, பதவியேற்கத் தலைநகருக்குச் செல்லும் வழியில், மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் கொல்லத் தீட்டப்பட்டதாகச் சொல்லப்படும் சதி. 1861 பிப்ரவரி 23 நண்பகலுக்குக் குறிக்கப்பட்டிருந்ததாகக் குற்றச்சாட்டு. அன்று விடியுமுன்பே லிங்கன் அந்நகரைக் கடந்துவிட்டார். எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. எனவே சதி உண்மைதானா என்ற விவாதம் இன்றுவரை தொடர்கிறது.

1860 நவம்பர் 6 தேர்தலில் லிங்கன் வென்றதும், அடிமை முறையைக் கைவிட மறுத்த தென் மாநிலங்கள் ஒன்றியத்திலிருந்து விலகத் தொடங்கின. டிசம்பர் 20இல் தென் கரோலினா வழிகாட்டியது. பிப்ரவரி 11இல் லிங்கன் ஸ்பிரிங்பீல்டிலிருந்து ரயிலேறியபோது ஏழு மாநிலங்கள் போயிருந்தன. மேரிலாந்து விலகவில்லை, ஆனால் அதுவும் அடிமை மாநிலமே. அங்கே பதிவான தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் லிங்கனுக்குக் கிடைத்தவை 2,294. வடக்கிலிருந்து வாஷிங்டனுக்குப் போகும் ரயில் பாதைகள் பால்டிமோரில்தான் கூடின. அங்கும் பாதை தொடர்ச்சியாக இல்லை. ஒரு நிலையத்திலிருந்து நகரத் தெருக்களைக் கடந்து, கேம்டன் நிலையத்தில் வேறு ரயில் பிடிக்க வேண்டும். லிங்கன் எந்த ஊரில் எத்தனை மணிக்கு இருப்பார் என்பதை நாளிதழ்கள் முன்கூட்டியே அச்சிட்டிருந்தன. கொலை செய்ய நினைப்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சதியைத் தேடிப் புறப்பட்டவர் ஒரு ரயில்வே முதலாளி. பிலடெல்பியாவையும் பால்டிமோரையும் இணைத்த ரயில் நிறுவனத்தின் தலைவர் சாமுவேல் பெல்டன், தம் பாலங்களைக் கிளர்ச்சிக்காரர்கள் எரித்துவிடுவார்கள் என்று அஞ்சி, சிகாகோவின் தனியார் துப்பறிவாளர் ஆலன் பிங்கர்டனை அமர்த்தினார். பிங்கர்டன் ஹட்சின்சன் என்ற பெயரில் பங்குத் தரகராக வேடமிட்டுப் பால்டிமோரில் தங்கினார். அவருடைய ஆட்கள் தென் மாநில ஆதரவாளர் வட்டங்களில் நுழைந்தார்கள். அவர்கள் அறிக்கைகளில் முதன்மையாக வரும் பெயர் சிப்ரியானோ பெராண்டினி. கோர்சிகா தீவில் பிறந்தவர்; பர்னம் ஓட்டலில் முடிதிருத்தகம் நடத்தியவர். கால்வர்ட் தெரு நிலையத்தின் குறுகலான வாயிலில் கூட்டம் நெருக்கும்போது, வேறிடத்தில் கலகம் மூட்டிக் காவலரை இழுத்துவிட்டு லிங்கனைத் தாக்குவது திட்டம் என்று அந்த அறிக்கைகள் கூறின.

பிப்ரவரி 21 இரவு பிலடெல்பியாவில் பிங்கர்டன் இதை லிங்கனிடம் விளக்கினார். லிங்கன் முழுதாக நம்பவில்லை. அதே இரவில் செனட்டர் வில்லியம் சீவர்டின் மகன் பிரெடரிக், தந்தையும் தளபதி வின்பீல்ட் ஸ்காட்டும் அனுப்பிய எச்சரிக்கையுடன் வந்து சேர்ந்தார். அது நியூயார்க் காவல் துறையின் துப்பறிவாளர்கள் தனியே திரட்டியது. இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஊரைச் சுட்டியதுதான் லிங்கனை இணங்கவைத்தது.

மறுநாள் மாலை ஹாரிஸ்பர்க் விருந்திலிருந்து அவர் நழுவினார். செய்தி கசியாதிருக்க அவ்வூரின் தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. பிலடெல்பியாவில், பிங்கர்டனின் பெண் துப்பறிவாளர் கேட் வார்ன், நோயுற்ற தம் சகோதரருக்கு என்று சொல்லிப் படுக்கைப் பெட்டியில் இடம்பிடித்து வைத்திருந்தார். பின்னிரவு மூன்றரை மணியளவில் உறங்கிக் கிடந்த பால்டிமோரில் குதிரைகள் அப்பெட்டியைத் தெருவழியே இழுத்துச் சென்றன. ஆறு மணிக்கு லிங்கன் வாஷிங்டனில் இருந்தார்.

பிறகு ஏளனம் தொடங்கியது. ஸ்காட்லாந்துத் தொப்பியும் நீண்ட மேலங்கியும் அணிந்து மாறுவேடத்தில் ஓடிவந்தார் என்று ஒரு நியூயார்க் நிருபர் எழுதினார். உண்மையில் அவர் அணிந்தது சாதாரண மென்தொப்பி. கேலிச்சித்திரக்காரர்கள் பொய்யையே வரைந்தார்கள்.

சதியை வலுவாக மறுத்தவர்களில் ஒருவர், அன்றிரவு லிங்கனுடன் காவலாகப் பயணித்த வார்ட் ஹில் லாமோன். 1872இல் அவர் பெயரில் வந்த வரலாற்று நூல், எல்லாம் துப்பறிவாளரின் கற்பனை என்றது. ஆனால் பிங்கர்டன் தம் குறிப்புகளில் லாமோனை இழிவாக எழுதியிருந்தார். அந்தப் பகையைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிங்கர்டனுக்கும் தம் நிறுவனத்தின் புகழில் அக்கறை உண்டு என்பதும் சரியே. பெராண்டினியோ, பிப்ரவரி தொடக்கத்தில் நாடாளுமன்றக் கீழவைக் குழுவின் முன் சாட்சியளித்தபோது, பதவியேற்பைத் தடுக்கும் நோக்கம் இல்லை என்றார். பிங்கர்டனின் பதிவேடுகள் 1949இல் அச்சானபின், ஆபத்து உண்மை என்ற கருத்து வலுப்பெற்றது.

கத்தியோடு ஒரு குழு நிலையத்தில் காத்திருந்ததா என்பதை இச்சான்றுகள் நிறுவவில்லை. அந்நகரின் சீற்றத்துக்கோ சான்று தேவையில்லை. இரண்டு மாதம் கழியுமுன், ஏப்ரல் 19இல், கேம்டன் நிலையம் நோக்கிச் சென்ற மாசச்சூசெட்ஸ் படைப்பிரிவைக் கூட்டம் தாக்கியது. 4 படைவீரர்களும் 12 பொதுமக்களும் இறந்தார்கள். இரவில் கடந்ததற்காக லிங்கன் பின்னாளில் வருந்தியதாக நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். வருந்தவேண்டிய முடிவு அல்ல அது. 1865 ஏப்ரல் 14இல் அவரைச் சுட்ட ஜான் வில்க்ஸ் பூத் மேரிலாந்தில் பிறந்தவர். அன்று நாடக அரங்கில் லிங்கனின் இருக்கை மாடத்து வாயிலில் பூத்தைத் தடுக்கக் காவலர் எவரும் இல்லை.