ஹல்திகாட்டிப் போரும் அதனை எழுதியோரும்

இராசத்தானத்தில், உதயப்பூருக்கு வடக்கே, ஆரவல்லி மலைத்தொடரிலே ஒரு குறுகிய கணவாய் உண்டு. மண் மஞ்சள் நிறமாதலின் அதற்கு ஹல்திகாட்டி என்று பெயர். 1576ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மேவார் மன்னன் இராணா பிரதாப்சிங்கின் படையும், மொகலாயப் பேரரசர் அக்பரின் படையும் அங்கே பொருதன. காலையில் மூண்ட போர் நண்பகலளவில் ஓய்ந்தது. ஆயினும், அதனைப் பற்றிய வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

இப்போரை எழுதியோருள் மூவரை இங்கு நோக்குவோம்.

முதலாமவர் அபுல் பசல். அரசவையிலிருந்து அக்பர்நாமா எழுதிய அவருக்கு, பேரரசுக்குத் தலைவணங்காதவன் கலகக்காரனே.

இரண்டாமவர் பதாயூனி. மதப்பற்று மிக்க இவர் பேரரசரிடம் விடைபெற்றுப் போர்க்களத்துக்கே சென்றவர். இவர் மறைவாக எழுதிய வரலாறு அக்பரின் காலத்துக்குப் பின்னரே வெளிப்பட்டது. இராணாவின் முதல் தாக்குதலிலே மொகலாயரின் முன்னணி சிதறி ஓடியதை இவர் மறைக்கவில்லை. வெயிலின் கொடுமையாலும், மலைக்குள் பகைவர் பதுங்கியிருப்பரோ என்ற அச்சத்தாலும் இராணாவைத் தொடர்ந்து செல்லவில்லை என்றும் கூறுகின்றார். வெற்றிச் செய்தியைத் தாமே பேரரசரிடம் கொண்டுசென்றபோது, வழியிலிருந்த மக்கள் அதனை நம்பவில்லையாம்!

மூன்றாமவர் ஆங்கிலேய அதிகாரி ஜேம்ஸ் டொட். 1829இலும் 1832இலும் வெளிவந்த இவரது நூல், பாணர் மரபுகளைத் தழுவி, ஹல்திகாட்டியைக் கிரேக்கரின் தெர்மோபிலேக்கு ஒப்பிட்டது. பதாயூனி ஏறத்தாழ மூவாயிரம் குதிரைவீரர் என்ற இராணாவின் படை, டொட்டின் ஏட்டிலே இருபத்தீராயிரமாகப் பெருகிவிட்டது.

இப்போரை இந்து முஸ்லிம் போர் என்பாரும் உளர். ஆனால், மொகலாயப் படையை நடத்தியவர் ஆம்பேர் நாட்டு இராசபுத்திரராகிய மான்சிங். பிரதாப்பின் பக்கம் நின்று பொருதவர்களுள் ஒருவர் ஆப்கானியத் தலைவர் ஹக்கீம்கான் சூர். களத்திலே நண்பரான இராசபுத்திரர் யார், பகைவரான இராசபுத்திரர் யார் என அறியாது தாம் திகைத்ததைப் பதாயூனியே எழுதியுள்ளார். ஆகவே, பேரரசுக்குப் பணிவதா, பணியாதிருப்பதா என்பதே அங்கு எழுந்த வினா.

களம் மொகலாயர் கையில் வீழ்ந்தது, மேவார் பணியவில்லை. பிரதாப் 1597இல் இறக்குமுன் சித்தூர் போன்ற சில கோட்டைகள் நீங்கலாக நாட்டின் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டார். அவர் மகன் அமர்சிங் 1615இலேதான் உடன்படிக்கைக்கு இசைந்தார்.

பிரதாப்பின் பெருமைக்கு மிகைப்படுத்திய எண்கள் வேண்டியதில்லை. புகழ்பாடுவோரின் சொல்லை நாம் ஐயுறலாம். எதிரணியில் நின்றவர், தம் படை ஓடியதைத் தாமே எழுதிவைத்தபின் ஐயத்துக்கு இடம் ஏது? வரலாற்றைப் படிக்குமுன், அதனை எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்று கேட்டறிவதே நாம் கொள்ளவேண்டிய பாடம்.