கொக்கி தேய்ந்த கதை

ஊரின் பெயர் பாரடைஸ். தமிழில் சொன்னால் சொர்க்கம். பெயரைக் கேட்டுவிட்டு மாட மாளிகைகளைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மலை முகட்டில், பைன் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண ஊர். சுமார் இருபத்தாறாயிரம் பேர். அதில் ரிட்டயர் ஆனவர்கள் கணிசம். லாஸ் ஏஞ்சல்ஸிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் வீடு வாங்கக் கட்டுப்படியாகாதவர்களுக்கு அங்கே கட்டுப்படியானது. மரவீடு, கொஞ்சம் தோட்டம், ஒரு நாய். கடைசிக் காலத்துக்கு வேறென்ன வேண்டும்?

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை. காலை ஆறரை மணி சுமாருக்கு, ஊரிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, ஆற்றுப் பள்ளத்தாக்கின் சரிவில் நின்ற ஒரு மின்கோபுரத்தில் ஒரு கொக்கி உடைந்தது.

இரும்புக் கொக்கி. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். உயர் அழுத்த மின்கம்பியைக் கோபுரத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேலை. 1921 வாக்கில் போட்ட லைன் அது. காற்றில் ஆடி ஆடி, இரும்போடு இரும்பு உரசி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து, கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து ‘என்னால் முடியாது’ என்று விட்டுவிட்டது. கம்பி தொங்கியது. கோபுரத்தில் பட்டுப் பொறி பறந்தது. உருகிய உலோகம் கீழே காய்ந்து கிடந்த புல்லில் விழுந்தது.

அவ்வளவுதான். மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொண்டது.

அந்த வருடம் மே மாதத்துக்கு அப்புறம் அங்கே உருப்படியாக மழையே கிடையாது. வடகிழக்கிலிருந்து பேய்க்காற்று. எட்டு மணிக்கெல்லாம் தீ ஊருக்குள் வந்துவிட்டது. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. குதித்தது. தீயின் முன்வரிசை வருவதற்குள் காற்றில் பறந்து வந்த கொள்ளிகள் கூரைகளிலும் சருகுகளிலும் விழுந்து, ஒரே நேரத்தில் பல இடங்களில் பற்றிக்கொண்டது.

ஊரை விட்டுத் தெற்கே இறங்க நாலே சாலைகள். 2008-ல் ஒரு தீ வந்தபோதே சாலைகள் திணறியிருந்தன. அதனால் ஊரை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலமாக வெளியேற்றுவது என்று திட்டம் போட்டு வைத்திருந்தார்கள். நல்ல திட்டம். ஆனால் தீ மண்டலம் மண்டலமாக வரவில்லையே! இருபத்தாறாயிரம் பேரும் ஒரே நேரத்தில் காரை எடுத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு நள்ளிரவு மாதிரி இருட்டு. டயர் உருகியது. சிலர் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு ஓடினார்கள்.

ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர் 22 பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். சாதாரணமாக அரை மணி, முக்கால் மணியில் முடிகிற பயணம். அன்றைக்கு ஐந்து மணி நேரம். பஸ்ஸுக்குள் புகை. தன் சட்டையைக் கிழித்து, இருந்த தண்ணீரில் நனைத்து, துண்டு துண்டாகப் பிள்ளைகளிடம் கொடுத்து மூச்சுவிடச் சொன்னார். 22 பேரும் பிழைத்தார்கள். 2025-ல் அது ஹாலிவுட் படமாகவும் வந்துவிட்டது.

ஆனால் 85 பேர் பிழைக்கவில்லை. பெரும்பாலும் வயதானவர்கள். காரில்லாதவர்கள், நடக்க முடியாதவர்கள், போன் வராதவர்கள். எரிந்த கட்டடங்கள் பதினெட்டாயிரத்துக்கும் மேல். தீயை முழுக்கக் கட்டுக்குள் கொண்டுவர 17 நாள் ஆனது.

இடையில் அதிபர் டிரம்ப் பார்வையிட வந்தார். ஊர் பெயரை ‘ப்ளெஷர்’ என்றார். மறுபடி ‘ப்ளெஷர்’ என்றார். எரிந்து போன பிறகு பெயராவது மிஞ்சட்டும் என்று அந்த மக்கள் நினைத்திருப்பார்கள். அதற்கும் வழியில்லை.

தீயின் கதை இங்கே முடிந்தது. வீட்டின் கதை இனிமேல்தான்.

நான் பி.காம். படித்தபோது கணக்குப்பதிவியல் வாத்தியார் ஒருவர் இருந்தார். தேய்மானம் நடத்தும்போது தன் செருப்பைக் கழற்றி மேசைமேல் வைப்பார். “இது தேயறது உன் கண்ணுக்குத் தெரியாதுப்பா. ஆனா வருஷா வருஷம் எழுதிக்கிட்டே வரணும். எழுதலேன்னா ஒருநாள் நடுரோட்டுல அறுந்து உன் மானத்தை வாங்கும்.” வகுப்பே சிரிக்கும். பாரடைஸ் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு அந்தச் செருப்புதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த மின்கோபுரம் பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் என்கிற கம்பெனியுடையது. சுருக்கமாக பி.ஜி. அண்ட் ஈ. கலிபோர்னியாவில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இவர்களிடம்தான் மின்சாரமும் கேஸும் வாங்கியாக வேண்டும். குறைந்தது 2001-லிருந்து அந்தக் கோபுரத்தில் ஒருவரும் ஏறி நின்று பார்த்துச் சோதிக்கவில்லை என்று மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் விசாரணை சொன்னது. செருப்பு தேய்ந்துகொண்டே இருந்தது. யாரும் எழுதவில்லை. அறுந்தபோது மானம் போகவில்லை, உயிர்கள் போயின.

சரி, வீடு எரிந்தவன் முதலில் எங்கே போவான்? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு.

அங்கேயும் தேய்மானம் காத்திருந்தது, வேறு வேஷத்தில். அமெரிக்காவில் பொதுவாக வழக்கம் இதுதான். வீட்டை மறுபடி கட்ட ஆகும் செலவுக்கு நீங்கள் பாலிசி எடுத்திருந்தாலும், முதலில் வருவது தேய்மானம் கழித்த தொகை. பழைய கூரையா, இவ்வளவு கழி. பழைய சமையலறையா, அவ்வளவு கழி. வீட்டைக் கட்டி முடித்து ரசீது காட்டினால் மீதி. கையில் காசில்லாமல் எப்படிக் கட்டுவது? கட்டாமல் எப்படி மீதிக் காசு? புரிகிறதா முடிச்சு?

இன்னொரு முடிச்சும் உண்டு. பாலிசித் தொகை என்றைக்கோ போட்டது. ஒரே நாளில் பதினாலாயிரம் வீடு எரிந்துபோனால் கொத்தனாருக்கும் தச்சருக்கும் மரத்துக்கும் விலை எங்கே நிற்கும்? எடுத்திருந்த பாலிசி எட்டவில்லை. பாலிசியே எடுக்காதவர்களும் நிறைய. குறிப்பாக, வாடகை நிலத்தில் நடமாடும் வீடுகளை நிறுத்தி வாழ்ந்த கிழவர்கள், கிழவிகள்.

இதற்கு நடுவே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியே கவிழ்ந்தது. மெர்செட் ப்ராப்பர்ட்டி அண்ட் கேஷுவால்ட்டி என்று பெயர். 1906-ல் தொடங்கிய சின்னக் கம்பெனி. சொத்து 2.3 கோடி டாலர். பாரடைஸ் பக்கத்தில் மட்டும் கொடுக்க வேண்டியது 6.4 கோடி டாலர். ஐந்தொகை போடத் தெரிந்த பையன்கூடச் சொல்லிவிடுவான் முடிவை. மாநில அரசு ஏற்றெடுத்து, இதற்கென்று இருக்கும் உத்தரவாத நிதியிலிருந்து க்ளெய்ம்களைக் கொடுக்க ஏற்பாடானது.

அடுத்து, மின்சாரக் கம்பெனி. 2019 ஜனவரி 29-ம் தேதி பி.ஜி. அண்ட் ஈ. திவால் மனு போட்டது. மூடிவிட்டுப் போவதற்கு அல்ல. கடன்காரர்கள் கழுத்தைப் பிடிக்காமல் இருக்கக் கோர்ட்டின் குடைக்குள் போய் நிற்பதற்கு. ஒரு நொடிகூட யாருக்கும் கரண்ட் அதனால் நிற்கவில்லை. ஆனால் வீடு இழந்தவர்கள் இப்போது வெறும் பாதிக்கப்பட்டவர்கள் இல்லை. கடன்காரர்களின் நீண்ட வரிசையில் ஒரு கட்சி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அவர்கள் தரப்பு உரிமைகளை வாங்கிவைத்திருந்த முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து 1,100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் பேசி முடித்தன. ரொக்கமாக.

மக்களுக்கு? 1,350 கோடி டாலர். 2015, 2017, 2018 என்று பல தீக்களில் நஷ்டப்பட்ட சுமார் எழுபதாயிரம் பேருக்கு ஒரே டிரஸ்ட். கேட்கப் பெரிய தொகை. ஆனால் விஷயம் எங்கே இருக்கிறது தெரியுமா? பாதிதான் ரொக்கம். மீதிப் பாதி, அதே பி.ஜி. அண்ட் ஈ. கம்பெனியின் பங்குகள்! சுமார் 47.7 கோடி பங்குகள். கம்பெனியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். என் வீட்டைக் கொளுத்திய கம்பெனி. அதன்மேல் எனக்கு ஆத்திரம். ஆனால் அதன் பங்கு விலை ஏறினால்தான் எனக்கு வீடு. அது நன்றாகச் சம்பாதிக்க வேண்டும், இன்னொரு ஊரை எரித்துவிடக் கூடாது என்று நான் சாமி கும்பிட வேண்டும். பதினான்கு டாலருக்குக் கொஞ்சம் மேல் விற்றால்தான் கணக்கு சரியாக வரும். 2020 ஜூலையில் பங்குகள் டிரஸ்ட் கைக்கு வந்தபோது விலை ஒன்பது டாலரை ஒட்டி.

அதே 2020 ஜூன் 16. பியூட் கவுண்டி கோர்ட். கம்பெனியின் தலைமை அதிகாரி பில் ஜான்சன் எழுந்து நின்றார். நீதிபதி இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அவர் முகம் திரையில் வந்தது. ஒவ்வொரு முறையும் ஜான்சன் சொன்னார், ‘குற்றவாளிதான்.’ 84 முறை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அழுதார்கள்.

தண்டனை? சட்டத்தில் அதிகபட்சம் இருந்த அபராதம், சுமார் 35 லட்சம் டாலர். ஜெயிலுக்கு யாரும் போகவில்லை. கம்பெனியை எந்த ஜெயிலில் அடைப்பது? 2010-ல் சான் புரூனோவில் இவர்களுடைய கேஸ் குழாய் வெடித்து எட்டுப் பேர் செத்த வழக்கில், கம்பெனி ஏற்கெனவே நன்னடத்தைக் கண்காணிப்பில் வேறு இருந்தது. அந்த நன்னடத்தைக் காலத்தில்தான் இந்தக் கொக்கி உடைந்தது.

டிரஸ்ட் கதையும் லேசில் நகரவில்லை. முதல் வருடமான 2020-ல் நிர்வாகத்துக்கும் ஆலோசகர்களுக்கும் 5.1 கோடி டாலர் செலவு. மக்கள் கைக்குப் போனது 70 லட்சம் டாலர். பத்திரிகைகள் இதை வெளியில் கொண்டுவந்தபோது ஊரே கொதித்தது. பங்குகளை 2022-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விற்று, 2023 கடைசியில் முடித்தார்கள். அப்படியும் ஒப்புக்கொள்ளப்பட்ட நஷ்டத்தின் மொத்தம், கையிலிருந்த பணத்தைவிட அதிகம். நூறு ரூபாய் நஷ்டம் என்று டிரஸ்டே ஒப்புக்கொண்டவருக்கு எழுபது ரூபாய் சுமாருக்குத்தான் வந்தது. அதிலும் வக்கீல் பங்கு போக. அந்த நஷ்டஈட்டுக்கு மத்திய வருமான வரி கிடையாது என்று தெளிவாகச் சட்டம் வர 2024 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு வருடம்!

இதெல்லாம் காகிதத்தில் நடந்தது. தரையில் என்ன நடந்தது?

முதலில் சாம்பலை அள்ளினார்கள். 36 லட்சம் டன். நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது அள்ளியதைப்போல இரண்டு மடங்கு. அதற்கே ஒரு வருடம். அடுத்து தண்ணீர். தீயின் சூட்டில் பிளாஸ்டிக் குழாய்கள் வெந்து, குடிநீரில் பென்சீன் கலந்திருந்தது. புற்றுநோய் வரவழைக்கும் ரசாயனம். வீடு தப்பித்தவர்கள்கூடக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடிக்க முடியாமல் மாதக்கணக்கில் பாட்டில் தண்ணீர். ஊரின் ஒரே ஆஸ்பத்திரி எரிந்தது. பிறகு ஆஸ்பத்திரியாகத் திறக்கவே இல்லை. டாக்டர் பக்கத்தில் இல்லாத ஊருக்கு வயதானவர்கள் எப்படித் திரும்புவார்கள்?

கீழே இருந்த சிகோ நகரத்துக்கு ஒரே வாரத்தில் இருபதாயிரம் பேர் கூடுதலாக வந்து சேர்ந்தார்கள். வால்மார்ட் பார்க்கிங்கில் கூடாரங்கள். வாடகை எகிறியது. சிலர் பிள்ளைகளைத் தேடி வேறு மாநிலம் போனார்கள். போனவர்கள் போனவர்கள்தான். 2020 சென்சஸ் எடுத்தபோது பாரடைஸில் இருந்தவர்கள் 4,764 பேர்.

ஆனாலும் ஊர் சாகவில்லை. 2019 ஆகஸ்டில் பாரடைஸ் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி (அமெரிக்கக் கால்பந்து) சொந்த மைதானத்தில் ஆட இறங்கியது. அநேகமாக எல்லாப் பையன்களும் வீடிழந்தவர்கள். ஊரில் ஆளே இல்லை, ஆனால் மைதானம் நிரம்பியது. எங்கெங்கோ சிதறியிருந்தவர்கள் அன்றைக்கு ஒரு சாயங்காலத்துக்காக வண்டியோட்டி வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் ஒவ்வொரு வீடாக எழுந்தது. ஆராய்ச்சியாளர்கள் எரிந்த ஊரைக் கணக்கெடுத்தபோது ஒரு உண்மை தெரிந்தது. 1997-க்கு முன் கட்டிய வீடுகளில் தப்பியவை நூற்றுக்குப் பன்னிரண்டுகூட இல்லை. அதற்குப் பின் கட்டியவற்றில் நூற்றுக்கு முப்பத்தெட்டு. அதாவது விதி மட்டுமில்லை, கூரையும் கட்டடமும்கூட உயிர் காக்கும். இப்போது அங்கே வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வெறும் ஜல்லி. மின்கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகிறார்கள். ஊர் முழுக்க எச்சரிக்கைச் சங்குகள். 2024 வாக்கில் மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டி வந்துவிட்டது. கலிபோர்னியாவில் வேகமாக வளரும் ஊர் என்று பெயர். நாலாயிரத்திலிருந்து எண்ணினால் அப்படித்தானே தெரியும்?

அந்த 2024 ஜூலையிலேயே சிகோ பக்கம் பார்க் ஃபயர் என்று இன்னொரு பெருந்தீ. பாரடைஸுக்கு மறுபடி ‘தயாராக இருங்கள்’ எச்சரிக்கை. தீ ஊருக்குள் வரவில்லை. ஆனால் பிரிக்காத பெட்டியைக் கட்டிலுக்கடியிலேயே வைத்துக்கொண்டு வாழ்வதும் ஒரு வாழ்க்கை.

இன்ஷூரன்ஸ்? பல கம்பெனிகள் காட்டுப்பக்கம் வரவே யோசிக்கின்றன. ஸ்டேட் ஃபார்ம் மாதிரி பெரிய கம்பெனியே 2023-ல் கலிபோர்னியாவில் புதிய வீட்டுப் பாலிசிகளை நிறுத்தியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதினாறாயிரம் கட்டடங்கள் எரிந்தபோது, அங்கே வீடிழந்தவர்கள் முதலில் யோசனை கேட்டவர்களில் பாரடைஸ்காரர்களும் உண்டு. எந்தப் படிவத்தில் என்ன எழுத வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது என்று அவர்களுக்கு மனப்பாடம்.

ஒரு கணக்கு மட்டும் பாக்கி. ஒரு கோபுரத்தில் ஒரு ஆளை ஏற்றி, ஒரு பழைய கொக்கியைக் கழற்றி, புதுக்கொக்கி மாட்ட என்ன செலவாகியிருக்கும்? எவ்வளவு தாராளமாக எழுதினாலும் அந்தத் தீயின் மொத்த நஷ்டமான 1,650 கோடி டாலருக்குப் பக்கத்தில் அது தூசு. வருஷா வருஷம் அந்தத் தூசை மிச்சம் பிடித்தார்கள். லாபக் கணக்கில் அது நன்றாகத்தான் தெரிந்திருக்கும்.

பாரடைஸில் இன்று கிரகப்பிரவேசம் நடக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் தேய்மானம் அன்றைக்கே ஆரம்பமாகிவிடும். ஐந்தடி ஜல்லியில் சருகு விழும், சங்குக்குத் துருப்பிடிக்கும், ஞாபகமும் மங்கும். எங்கள் வாத்தியார் சொன்னதுதான். தேய்வதைத் தடுக்க முடியாது. எழுதிக்கொண்டே வரலாம்.