சிறு நாயின் குரைப்பு

கோலார்த் தங்கவயலின் வணிக நகரமாகிய ராபர்ட்சன்பேட்டை, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த சர் டொனால்டு ராபர்ட்சனின் பெயரைத் தாங்கியது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இவ்வயலில் சுரங்கப் பணியை மேற்கொண்ட பின்னர், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து மக்கள் திரளாக வந்து குடியேறினர். தொழிலாளருக்கு அமைந்த இருப்பிடம் ‘லைன்’ எனப்பட்ட வரிசை வீடுகள். அண்டை வீட்டின் இருமல் நம் வீட்டில் கேட்கும் நெருக்கம் அது. அத்தகைய இடத்தில் ஒரு சிறு நாய் ஓயாது குரைக்குமாயின், அத்தொல்லை ஒரு வீட்டோடு நிற்பதில்லை. மும்பையிலும் தில்லியிலும் வாடகை வீடுகளில் வாழும் நம்மவர்க்கும் இது தெரிந்ததே. மனத்தாங்கல் முற்றினால் வீட்டை விடுவதா, நாயை விடுவதா என்னும் நிலை நேர்ந்துவிடும்.

நாயைக் கடிந்துகொள்ளுமுன், அதற்குக் குரைப்பைப் பழக்கியவர் யாவர் என்று பார்ப்போம். நாயின் நெருங்கிய உறவாகிய ஓநாய், வளர்ந்தபின் அரிதாகவே குரைக்கும். மனிதனோடு வாழத் தலைப்பட்ட நாயே குரைப்பைப் பெருக்கிக்கொண்டது. இரவில் அயலான் வரவை அறிவித்த நாயை மனிதன் போற்றினான். அப்போற்றுதலுக்கு நம் நாட்டில் கல்லே சான்றாக நிற்கிறது.

முன்னாள் வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததும், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ளதுமான எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. 7ஆம் நூற்றாண்டினது. தன் எருமைகளைக் காக்கப் பொருது வீழ்ந்தான் கருந்தேவக்கத்தி என்னும் வீரன். கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வரைக் கடித்துக் காத்து நின்றது. வீரனுக்கு அருகில் அதன் உருவையும் செதுக்கி, பெயரையும் பொறித்தார்கள்.

கன்னட நாட்டிலும் இதற்கு இணை உண்டு. சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்ட தக்கோலப் போரில் திறம் காட்டிய மணலேரன், கங்க மன்னன் பூதுகனிடம் பரிசாகக் கேட்டுப் பெற்றது காளி என்னும் வேட்டை நாயை. அது பெருங்காட்டுப் பன்றியோடு பொருது, இரண்டும் மடிந்தன. மாண்டியா மாவட்டத்து ஆதகூரில் அதற்கு நினைவுக்கல் நாட்டி, அதன் வழிபாட்டுக்கு நிலமும் விட்டனர். 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியைச் சேர்ந்த அக்கல் இன்று பெங்களூரு அருங்காட்சியகத்தில் உள்ளது.

நாய் வேடம் போட்டால் குரைத்துத்தான் ஆகவேண்டும் என்பது பழமொழி. அவ்வேடத்தை நாய்க்கு இட்டவர் நாமே. பிற்காலத்தில் வேடத்தை மாற்றாமல் உடலை மட்டும் சிறிதாக்கினோம். இன்று பல வீடுகளில் காணும் பொமரேனியன் இனத்தின் முன்னோர், வடபுலங்களில் பனிவண்டி இழுத்த வலிய நாய்கள். 1888இல் இத்தாலி சென்ற விக்டோரியா மகாராணி இவ்வினத்தை விரும்பி வளர்க்கத் தொடங்கிய பின் சிற்றுருவுக்கு மதிப்பு ஏறியது. உருவம் குறுகியதேயன்றி, காவல் உணர்ச்சி குறுகவில்லை.

தங்கவயலில் காலமும் மாறிற்று. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. பலர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் பணிக்குச் செல்வோராயினர், திரும்புவது இரவில். பூட்டிய வீட்டில் நாள் முழுதும் தனித்திருக்கும் நாய் குரைப்பது கள்வனைக் கண்டன்று; துணையைக் காணாமல். இரு குரலும் ஒன்றல்ல. 2005இல் வெளியான புடாபெஸ்ட் அறிஞர்களின் ஆய்வில், பதிவு செய்த குரைப்புகளைக் கேட்டவர்கள், அயலானைக் கண்டு எழுந்த குரலையும் தனிமையில் எழுந்த குரலையும் ஓரளவு பிரித்தறிந்தனர்.

ஆதலின் காரணம் அறிவதே முதல் மருந்து. வாயிலில் செல்வோரைக் கண்டு குரைத்தால், திரையிட்டோ இடம் மாற்றியோ அப்பார்வையை மறைக்கலாம். தீனிக்காகக் குரைத்தால், ஓயும்வரை கொடுத்தல் ஆகாது. முதலில் குரைப்பு மிகும், பின்னரே தணியும். வீட்டார் அனைவரும் இதில் ஒருமைப்பட வேண்டும். ஒருவர் இரங்கிக் கொடுத்தாலும் பழக்கம் மீளும். சில நொடிகள் வாய்மூடி இருந்தால் உடனே சிறு தின்பண்டம் தந்து, அந்நேரத்தை நாளடைவில் நீட்டுக. தனிமைக்கு அஞ்சும் நாயைச் சிறிது நேரமே விட்டுத் திரும்பி, மெல்ல மெல்லப் பிரிவை நீட்டிப் பழக்குக. வேலைக்குப் புறப்படுமுன் உலாவ அழைத்துச் செல்க. அமைதியாக இருந்த நாய் திடீரென மாறினால் நோயோ வலியோ காரணமாகலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுக. அடித்தலும் அதட்டுதலும் பயன் தாரா. நாம் கூச்சலிட்டால் நாமும் உடன் குரைப்பதாக அது கொள்ளக்கூடும். அடித்தால் அச்சம் மிகுந்து குரைப்பும் மிகும்.

கோவிவன் குரல் ஒரு மந்தையைக் காக்க வேண்டியிருந்தது. நம் வீட்டுச் சிறு நாய்க்கு அப்பணி இல்லை. அது கேட்பது நம் துணையும் நேரமுமே. அவற்றை அளிப்போமாயின், பிறமொழியாளரான அண்டை வீட்டாருக்கு உறக்கமும் நமக்கு அவர்களுடைய நல்லெண்ணமும் நிலைக்கும்.